இல்லம் பேணல்: வயிற்றிலும் ஒரு காயம்

புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றியபின், நோயாளியின் அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் எடுத்துப் புதிய மார்பகம் அமைக்கும் சிகிச்சை நம் நாட்டுப் பெருநகர்களில் நடைபெறுகின்றது. நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் அண்மையில் இச்சிகிச்சை பெற்று இல்லம் திரும்பியுள்ளார். காணச் சென்றோர் அனைவரும் மார்பைப் பற்றியே விசாரித்தனர். வயிற்றைப் பற்றி ஒருவரும் கேட்டிலர். ஆதலின் இதனை எழுதுகின்றோம்.

அடிவயிற்றில் ஓர் இடுப்பெலும்பிலிருந்து மற்றதுவரை தையல் உண்டு. முதல் சில நாட்கள் கூனியே நடக்க வேண்டும். படுக்கையில் முதுகை உயர்த்தி, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் தையல் இழுபடாது. தண்ணீர்க் குடம், நிறைந்த குக்கர், இடுப்புக் குழந்தை ஆகியவற்றை ஏறத்தாழ 6 வாரங்களுக்குத் தூக்கலாகாது. தசையையும் சேர்த்து எடுத்திருப்பின் வயிறு வலுப்பெற இன்னும் நாளாகும். சொந்த ஊரானால் தாயோ நாத்தனாரோ வந்து நிற்பர். இங்கே யார் உளர்? அச்சகோதரியின் கணவர் விடியலில் குழாயடி வரிசையில் குடத்தோடு நிற்கின்றார். சிலர் நகைக்கின்றனராம். நகைப்போர் ஒரு குடம் கைகொடுத்தால் நன்று.

இடம் மாற்றிய திசு உயிரோடிருப்பது, அதன் நுண்ணிய இரத்தக் குழாய்களை மார்பின் குழாய்களோடு நுண்ணோக்கியின் உதவியால் இணைத்திருப்பதனாலேயே. முதல் இரு நாட்கள் செவிலியர் இரவு பகல் பாராது அதன் நிறத்தையும் சூட்டையும் சோதிப்பதன் காரணமும் அதுவே. புகையிலை அக்குழாய்களைச் சுருக்கும். வெற்றிலையோடு சேர்ப்பதாயினும் விலக்கவே வேண்டும்.

வலியென்றால் வெந்நீர்ப் பையைத் தேடுவது நம்மவர் வழக்கம். புதிய மார்பிலோ உணர்ச்சி மரத்திருக்கும். சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும். ஒத்தடம் அறவே கூடாது.

வடிகுழாயில் நாள்தோறும் சேரும் நீரை அளந்து எழுதி வைக்க வேண்டும். எம்போன்ற குமாஸ்தாக்களுக்கு ஏற்ற பணி! காய்ச்சலோ, காயத்தில் சிவப்போ கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்க. ஒரு காலில் மட்டும் வீக்கமோ, திடீர் மூச்சுத்திணறலோ தோன்றினால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது.

புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் இரயிலில் செல்வோர், மருத்துவமனைச் சான்றிதழைக் கௌண்டரில் காட்டினால் ஸ்லீப்பர் வகுப்பில் நோயாளிக்குக் கட்டணமில்லை. துணைவருக்கு நாலில் மூன்று பங்கு தள்ளுபடி. மேல் பர்த் மட்டும் வாங்கிவிட வேண்டாம். வயிற்றுத் தையலோடு ஏற இயலாது.