படிக்க விடுங்கள்

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, காப்பி கொண்டுபோய்க் கொடுத்த என்னைப் பார்த்து என் மனைவி "நீங்க யாருங்க?" என்றாள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பார்க்க வந்த உறவினர்கள் "வயசாயிடுச்சுங்க, அப்படித்தான்" என்றார்கள்.

எதிர்வீட்டு மருமகள் தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். வேலை பார்த்துக்கொண்டே முதியோர் நலத்தில் முதுநிலைப் படிப்பு படிக்கிறாள். அவள்தான், "ஒரே நாள்ல குழப்பம் வந்தா அது மறதி நோயா இருக்காதுங்க மாமா. வயசானவங்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே தொற்று இருக்கும். உடனே கிளம்புங்க" என்றாள். சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்ததும் சில நாட்களில் மனைவி தெளிந்தாள்.

அந்தப் பெண்ணுக்கோ தேர்வுக்கு லீவு கிடைப்பதில்லை. இரவு டியூட்டி முடித்து நேராகப் பரீட்சை எழுதப் போகிறாள். பட்டம் வாங்கினாலும் சம்பளம் உயரப் போவதில்லை.

நம் மாநிலம் இந்தத் துறையில் முன்னோடி. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-ல் முதியோருக்குத் தனிப் பிரிவு தொடங்கக் காரணமாக இருந்தவர் டாக்டர் வி.எஸ்.நடராஜன். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பும் வந்தது. ஆனால் அது டாக்டர்களுக்கு. ராத்திரி முழுக்கப் படுக்கையருகே இருப்பவர்கள் நர்சுகள்தானே? 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்கள் முதுமையை 'மூன்றாம் வயது' என்பார்கள். 1973-ல் துலூஸ் நகரில் பியேர் வெல்லாஸ் என்ற பேராசிரியர் மூன்றாம் வயதினருக்கென்றே பல்கலைக்கழகம் தொடங்கினார். அங்கே கிழவர்களையே படிக்க வைத்தார்கள். இங்கே கிழவர்களைப் பார்த்துக்கொள்பவர்களைக்கூடப் படிக்க விடுவதில்லை.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எழுத்தராக இருந்த காலத்தில், மேற்படிப்புக்கு அனுமதி கேட்டு வந்த விண்ணப்பங்களில் 'அலுவலகப் பணி பாதிக்கப்படும்' என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பியவன் நான். எத்தனை பேர் என்று எண்ணி வைக்கவில்லை. விதி அப்படி என்று அப்போது நினைத்தேன்.

இப்போது சொல்கிறேன்: முதியோர் நலம் படிக்கும் நர்சுக்குச் சம்பளத்தோடு தேர்வு விடுப்பு கொடுங்கள். தேறினால் ஒரு இன்கிரிமெண்ட் கொடுங்கள். இது அவர்களுக்குச் செய்யும் சலுகை அல்ல. நாளைக்கு நம்மைப் பார்த்து "வயசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போகாமல், என்னவென்று பார்க்க ஒருவர் வேண்டும்.