சுடறவங்க சொல்ற நொண்டிச்சாக்கு

அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல 2024 நவம்பர்ல ஒரு ஓட்டெடுப்பு நடந்துச்சு. மலைச்சிங்க வேட்டையைத் தடை பண்ணலாமான்னு கேட்டாங்க. தடை வேணாம்னு ஜனங்க சொல்லிட்டாங்க. (மலைச்சிங்கம், கூகர், பூமா எல்லாம் ஒண்ணுதான். ஷூவுல பாயற மாதிரி போட்டிருப்பாங்களே, அதே ஆளு :-)) அந்த மாநிலத்துல மட்டும் வருஷத்துக்குச் சுமார் 500 கூகர் வேட்டையில சாகுது.

வேட்டைக்காரங்க சொல்ற முதல் நியாயம், "சுட்டுக் குறைக்கலைன்னா ஊருக்குள்ள வந்து ஆட்டைத் தூக்கிடும்". கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வாஷிங்டன் மாநிலக் கணக்கை வச்சு 2013-ல வந்த ஆய்வு தலைகீழா சொல்லுது. முந்தின வருஷம் அதிகமா சுட்ட இடத்துலதான் மறுவருஷம் புகாரும் கால்நடை இழப்பும் அதிகம்!

அதுக்கு அவங்க தர்ற விளக்கம் இதுதான். கூகர் தனியா வாழற மிருகம். முதிர்ந்த ஆண் தன் எல்லைக்குள்ள இன்னொரு ஆணை லேசுல விடாது. நாயை விட்டுத் துரத்தி, மரத்துல ஏறினதும் சுடறவங்களுக்கோ சுவத்துல மாட்ட அந்தப் பெரிய ஆண்தான் வேணும். அது போனா, காலியான இடத்துக்கு அனுபவமில்லாத இளவட்டங்க வந்து சேருது. வம்பு அங்கதான் ஆரம்பம்.

அடுத்த நியாயம், "மானையெல்லாம் தின்னுடும்". யூட்டா மாநிலத்து சயான் பள்ளத்தாக்கைப் பாருங்க சாமி. சுற்றுலாக் கூட்டம் பெருத்ததும் கூகர் ஒதுங்கிடுச்சு. மான் பெருகி, காட்டன்வுட் கன்னுகளை மேய்ஞ்சு தீர்த்துடுச்சு. பக்கத்துலயே கூகர் தங்கின இன்னொரு ஓடைக்கரையில இளமரங்களும் காட்டுப்பூவும் தவளையும் நல்லாவே இருந்துச்சு. ரிப்பிள், பெஷ்டான்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2006-ல இதை எழுதிட்டாங்க. அது தின்னுட்டுப் போட்ட மிச்சத்துல மட்டும் 215 வகை வண்டுகளை எண்ணியிருக்காங்க, யெல்லோஸ்டோன் பக்கம்.

மனுஷனை அடிக்காதான்னு கேப்பீங்க. அடிக்கும், அபூர்வமா. கலிபோர்னியாவுல 1990-லயே ஓட்டுப் போட்டு விளையாட்டு வேட்டையைத் தடை பண்ணிட்டாங்க. அங்க 2024 மார்ச்சுல ஒரு இளைஞர் செத்தார். கொடுமைதான், மறுக்கல. ஆனா அதுக்கு முந்தின சாவு 2004-ல.

ஆடு அடிச்ச கூகரை, ஆளை மிரட்டின கூகரைப் பிடிக்கறது வேற விஷயம். அதைப் பத்தி உக்காந்து பேசலாம். எங்கயோ மலையில தன் பாட்டுக்கு மான் அடிச்சு, இலைதழை போட்டு மூடி வச்சு, நாலு நாள் திங்கற மிருகத்தைத் தேடிப்போய்ச் சுடறதுக்குப் பேரு பொழுதுபோக்கு. அப்படியே சொல்லிட்டுப் போங்கய்யா. காட்டைக் காப்பாத்தறோம்னு மட்டும் கதை விடாதீங்க.