வந்தவர் எத்தனை பேர்? பயன்பெற்றவர் எத்தனை பேர்?

நன்கொடை கேட்டு வருபவர்கள் முன்பெல்லாம் ரசீதுப் புத்தகத்தையும் கணக்கறிக்கையையும் கொண்டு வருவார்கள். இப்பொழுது மூன்றாவதாக ஒரு தாளும் வருகிறது. 'எமது இணையத்தளத்துக்கு இந்த வருடம் இத்தனை இலட்சம் வருகைகள்' என்று எழுதி, வர்ணத்தில் மேல்நோக்கிப் போகும் ஒரு கோடும் வரைந்திருப்பார்கள். கண்டி நகரிலும் அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டைப் பக்கங்களிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களில் பலர் இதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுச் செக் புத்தகத்தை எடுக்கின்றனர். கணனி விடயம், நமக்கென்ன தெரியும் என்ற எண்ணம்தான் காரணம்.

நமக்குத் தெரியும் என்பதே என் கட்சி. பெரஹர காலத்தில் டி.எஸ். சேனாநாயக்க வீதியில் நிற்கும் சனத்தைப் பார்த்து எந்த வியாபாரியாவது அன்றைய விற்பனையைக் கணக்குப் போடுவாரா? கடைக்குள் ஏறியவர்களிலும் மழைக்கு ஒதுங்கியவர் உண்டு, விலை கேட்க வந்தவர் உண்டு, கொழும்பு பஸ் எங்கே நிற்கும் என்று விசாரிக்க வந்தவரும் உண்டு. இரவு பெட்டியை எண்ணும்போதுதான் உண்மை தெரியும். இணையத்தளமும் ஒரு கடைதான். அதன் வாசலில் நடப்பதை எண்ணுவதற்குக் கருவிகள் இருக்கின்றன. அந்தக் கருவி எதை எண்ணுகிறது என்பதைத்தான் நாம் கேட்பதில்லை.

மிகப் பெரிய எண் எப்பொழுதும் 'ஹிட்' என்பதுதான். ஒரு பக்கத்தில் 20 படங்கள் இருந்தால், ஒருவர் அதை ஒரு தடவை திறக்கும்போதே குறைந்தது 21 ஹிட் விழுந்துவிடும். படத்தைக் கூட்டினால் எண் கூடும், ஆள் கூடமாட்டார். ஆகவே ஹிட் கணக்கைக் காட்டுபவரிடம் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 'வருகை' என்பது இதை விடப் பரவாயில்லை. ஆனால் கூகுள் அனலிட்டிக்ஸ் போன்ற கருவிகள் வழமையாக 30 நிமிடம் அசைவில்லாதிருந்தால் அந்த வருகையை முடித்துவிடும். லுஹர் தொழுகைக்குப் போய்விட்டு வந்து அதே பக்கத்தைத் தொடர்ந்து வாசித்தால் அது இரண்டாவது வருகை. 'பாவனையாளர்' என்ற எண்ணும் அப்படித்தான். கைத்தொலைபேசியில் ஒரு தடவையும் கடைக் கணனியில் ஒரு தடவையும் பார்த்த ஒருவர் பெரும்பாலும் இரண்டு பேராகப் பதியப்படுவார். ஒரே கணனியை மாறி மாறிப் பார்த்த பிள்ளைகள் நாலு பேரும் ஒருவராகிவிடுவார்கள்.

இதை விடப் பெரிய பிரச்சினை, வருபவர் மனிதர்தானா என்பது. இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று அண்மையில் கிடைத்தது. விக்கிபீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை இலாப நோக்கற்ற நிறுவனம். தன் பக்கப் பார்வைக் கணக்கை யாரும் பார்க்கும்படி வெளியிட்டு வருகின்றது. 2025 மே மாதமளவில் மனிதர்கள் போலத் தோன்றிய வருகைகள் அங்கே வழமைக்கு மாறாகக் கூடின. பெரும்பாலானவை பிரேசிலிலிருந்து. சாதாரண ஒரு சங்கமாக இருந்தால் வரைபடம் மேலே போகிறதென்று அடுத்த அறிக்கையின் முன்பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். அவர்களோ சந்தேகப்பட்டு, தானியங்கி நிரல்களைக் கண்டுபிடிக்கும் முறையைத் திருத்தி மறுபடி எண்ணினார்கள். மே, ஜூன் மாதங்களில் கூடிய வருகைகளில் பெரும்பகுதி, பிடிபடாதபடி செய்யப்பட்ட நிரல்களுடையது என்று தெரிந்தது. உண்மையான மனிதப் பார்வை 2024 இன் அதே மாதங்களை விட ஏறத்தாழ 8 வீதம் குறைந்திருந்தது. 2025 ஒக்டோபரில் இதைத் தாங்களாகவே அறிவித்தார்கள். நன்கொடையில் நடக்கும் நிறுவனமொன்று தன் எண் இறங்கியதைத் தானே சொன்னது. இங்கேயுள்ள நமது சங்கங்கள் படித்துக்கொள்ள வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான்.

அவர்கள் சொன்ன காரணமும் நமக்குப் பொருந்தும். தேடுபொறிகளும் செயற்கை நுண்ணறிவும் இப்பொழுது விடையைத் தாங்களே காட்டிவிடுகின்றன. கம்பளையிலிருந்து ஒரு தாய், மருத்துவ உதவி தரும் சங்கமொன்றின் தொலைபேசி இலக்கத்தைக் கூகுளில் தேடுகிறார். இலக்கம் அங்கேயே தெரிகிறது, அழைத்துப் பேசி விடுகிறார். இணையத்தளத்துக்கு வருகை பூச்சியம். வேலையோ முடிந்துவிட்டது.

அடுத்தது பருவம். ரமழானில் ஸகாத், ஸதகா விசாரிப்பவர்கள் கூடுவார்கள் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ரமழான் ஆங்கிலக் கலண்டரில் வருடத்துக்கு ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே வரும். இலங்கையில் 2024 இல் முதல் நோன்பு மார்ச் 12, 2025 இல் மார்ச் 2. 2026 இலோ பெப்ரவரி மூன்றாம் வாரத்திலேயே தொடங்கியது. ஆகவே '2025 பெப்ரவரியை விட 2026 பெப்ரவரியில் பெரும் வளர்ச்சி' என்று யாராவது காட்டினால் அந்த வளர்ச்சி பிறையினால் வந்தது, நிர்வாகசபையினால் அல்ல. 2030 இல் ஜனவரியில் ஒரு ரமழானும் டிசம்பர் இறுதியில் இன்னொன்றும் தொடங்கும். அந்த வருடத்து அறிக்கைகளில் என்னென்ன பெருமைகள் வரப்போகின்றனவோ! ரமழானை ரமழானோடுதான் ஒப்பிட வேண்டும். பெருநாள் வியாபாரத்தை நாம் அப்படித்தானே பார்க்கிறோம்?

பழைய கணக்கோடு ஒப்பிடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கின்றது. கூகுள் தன் பழைய எண்ணும் முறையை 2023 ஜூலை 1 ஆம் திகதி நிறுத்தியது. அதன்பின் வந்த முறை வேறு விதமாக எண்ணும். பழைய தரவுகளைப் பார்க்கும் வசதியும் 2024 ஜூலையில் மூடப்பட்டது. பிரதி எடுத்து வைக்காதவர்களுக்குப் பழைய கணக்குப் புத்தகம் இல்லை. 2022 ஐயும் 2024 ஐயும் ஒரே கோட்டில் இணைத்து வரைந்த படம், யாரால் அளந்தது, சாணாலா கெஜத்தாலா என்று தெரியாத துணி மாதிரி.

இவ்வளவு சொன்னதால் எண்களே வேண்டாம் என்கிறேன் என்று எடுக்கக்கூடாது. எந்த எண் என்பது அந்த நிறுவனத்தின் தொழிலைப் பொறுத்தது. கண்டி வாவிக்கு அருகே பௌத்த வெளியீட்டுச் சங்கம் இருக்கிறது. 1958 இல் தொடங்கியது, ஆங்கிலத்தில் நூல்கள் போட்டு உலகெங்கும் அனுப்புகின்றது, பல சிறு நூல்களை இணையத்தில் இலவசமாகவும் வைத்திருக்கின்றது. அவர்களுக்கு ஜேர்மனியிலிருந்து ஒருவர் வந்து நூலொன்றை இறக்கிக்கொண்டால் அதுவே அவர்களுடைய வேலை. அதே ஜேர்மன் வருகை, கண்டி மாவட்டத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கும் சங்கத்துக்கு என்ன? அங்கேயுள்ள நம்மவர் ஒருவர் பணம் அனுப்பியிருந்தால் சரி, இல்லாவிட்டால் அந்த எண் சும்மா.

2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தையும் பாருங்கள். இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து இலவசமாக வாசிக்கத் தருகிறது. கல்ஹின்னை தமிழ் மன்றம் வெளியிட்ட பழைய புத்தகமொன்றை ஓர் ஆய்வு மாணவி தேடுகிறாள் என்று வையுங்கள். கடைகளில் அது இல்லை. வருடம் முழுவதும் அந்தப் பக்கத்தை அவள் ஒருத்திதான் திறக்கக்கூடும். அதற்காக அதை எடுத்துவிடுவதா? நட்ட கணக்கு எழுதும் கைக்கு அது வீண் செலவு. எனக்கோ அந்த ஒரு வருகைதான் அந்த நிறுவனம் இருப்பதற்கான காரணம்.

இதை நான் வீணாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு நலன்புரிச் சங்கம், பெயர் வேண்டாம், தன் இணையத்தளத்தை மூடிவிடப் பேசிக்கொண்டிருக்கிறது. வருகை மிகக் குறைவு, வருடாந்தக் கட்டணம் வீண், முகநூல் போதும் என்பது பெரும்பான்மையோர் வாதம். நன்கொடை கொடுப்பவன் என்ற முறையில் பக்கம் பக்கமாகப் பிரித்த கணக்கைக் காட்டச் சொன்னேன். தலைவரின் செய்தி, நிர்வாகிகளின் படங்கள், விழாக் காட்சிகள் ஆகியவற்றை யாருமே பார்ப்பதில்லை. வந்த சொற்பம் பேரும் போனது ஒரே இடத்துக்கு, புலமைப்பரிசில் விண்ணப்பப் படிவத்துக்கு. அநேகமாக எல்லாரும் கைத்தொலைபேசியில் வந்தவர்கள். தேடிய சொற்கள் தமிழில். படிவமோ ஆங்கிலத்தில், தொலைபேசியில் திறந்தால் எறும்பு எழுத்தில். திறந்தவர்களில் பலர் அனுப்பாமலே போயிருக்கிறார்கள். மூட வேண்டியது கடையையா, மாற்ற வேண்டியது ராக்கையையா என்று கேட்டேன். அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொன்னார்கள். விண்ணப்ப முடிவுத் திகதி அதற்கு முன்னரே வந்துவிடும்.

முகநூல் போதும் என்ற வாதத்துக்கும் ஒரு வார்த்தை. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய கலவரத்தின்போது அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் ஒரு வாரத்துக்கு மேல் முடக்கி வைத்தது. கண்டிக்காரருக்கு அந்த வாரத்தை நினைவூட்ட வேண்டியதில்லை. உதவி எங்கே கிடைக்கும் என்று அறிவிக்க வேண்டிய நேரத்தில் முகநூலை மட்டும் நம்பியிருந்தவர்களிடம் அறிவிப்புப் பலகையே இருக்கவில்லை. அவசர காலத்துக்கென்று வைத்திருக்கும் ஒன்றை அமைதியான மாதங்களின் வருகையைக் கொண்டு அளப்பது, மழையில்லாத மாதத்தில் குடை வியாபாரத்தைக் கணக்குப் பார்ப்பது போன்றது.

இனி வர்த்தகச் சகோதரர்கள் செய்யக்கூடியது ஒன்று. அந்த வர்ணத் தாளை யாராவது நீட்டினால் அதை வாங்காமல், எண்ணும் கருவியைப் பார்க்கும் அனுமதியைக் கேளுங்கள். கூகுளில் எதையும் மாற்ற முடியாதபடி, பார்ப்பதற்கு மட்டும் ஒருவருக்கு அனுமதி கொடுக்கும் வசதி இருக்கிறது, காசும் இல்லை. மக்கள் எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்பதைக் காட்ட 'சேர்ச் கொன்சோல்' என்ற இன்னொரு கருவியும் உண்டு, அதுவும் இலவசம். கடையில் கணனி தெரிந்த மகனோ மருமகனோ இருந்தால் பக்கத்தில் இருத்தி, எத்தனை படிவம் திறக்கப்பட்டது, எத்தனை வந்து சேர்ந்தது, எத்தனை பேருக்கு உதவி போனது என்ற மூன்றையும் ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். கடைசி எண் கருவியில் இருக்காது, சங்கத்தின் கொடுப்பனவுப் புத்தகத்தில்தான் இருக்கும். அதையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.