குழாயைப் பார்க்கும் கண்ணும், குழாயை மூடும் கையும்

புணே மாநகராட்சி 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 200 கோடி ரூபாய்க்குக் கடன்பத்திரம் வெளியிட்டது. ஆண்டுக்கு 7.59 விழுக்காடு வட்டி. 10 ஆண்டுத் தவணை. மும்பை பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. படிப்படியாக 2,264 கோடி ரூபாய் திரட்டும் எண்ணத்தின் முதல் அடி அது. நகரத்தார் அனைவருக்கும் நாள் முழுவதும் குடிநீர் வழங்குவதே நோக்கம். அதற்காக 82 நீர்த்தேக்கத் தொட்டிகள், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட குழாய்கள், ஏறத்தாழ 3 லட்சம் தானியங்கி அளவுமானிகள் என்று திட்டம் வகுக்கப்பட்டது. ஒப்பந்தப்புள்ளி ஒருமுறை ரத்தாகி மீண்டும் கோரப்பட்டதில் பணிகள் தாமதமாயின. வட்டி மட்டும் தாமதிக்கவில்லை. கடனைப் பைசா சுத்தமாக அளந்துவிட்ட ஒரு நகரம், அந்தக் கடனால் வரப்போகும் நீரை இன்னும் அளக்கத் தொடங்கவில்லை என்பது கணக்கு எழுதிப் பழகிய நமக்கு உறுத்தலாகவே இருந்தது.

அளவுமானி என்றதும் வீட்டுக் கட்டணமே நம் நினைவுக்கு வருகிறது. அதன் முதல் பயன் வேறு. கடக்வாஸ்லா அணைத்தொகுதியிலிருந்து நகருக்கு வரும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாகக் கசிவிலும் கணக்கில்லாத இணைப்புகளிலும் போய்விடுவதாகப் பல ஆண்டுகளாகவே மதிப்பிடப்பட்டு வருகிறது. அது எந்தத் தெருவில் போகிறது என்பதைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. நகரைச் சிறு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வாயிலிலும் ஓர் அளவுமானி வைக்க வேண்டும். பின்னிரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில், ஊர் உறங்கும் நேரத்தில், எவ்வளவு நீர் உள்ளே செல்கிறது என்று பார்க்க வேண்டும். யாரும் பயன்படுத்தாத வேளையிலும் ஓடும் நீரில் பெரும்பகுதி கசிவே. வானொலி அலை வழியாக அளவை அனுப்பும் கருவி இருந்தால், இதற்காக எவரும் விழித்திருக்க வேண்டியதில்லை. பொருள்களின் இணையம் என்று பெரிய பெயரால் அழைக்கப்படுவதன் மெய்யான பயன் இத்தகைய சிறிய இடங்களில்தான் இருக்கிறது.

ஆயினும் ஒரு சிக்கல் உண்டு. நாளில் சில மணி நேரமே நீர் வரும் பகுதிகளில், நீர் வந்ததும் ஒவ்வொரு சொசைட்டியும் தரையடித் தொட்டியை நிரப்பத் தொடங்குகிறது. முறை இரவில் வந்தால் இரவுக் கணக்கே பொருளற்றுப் போகும். வெற்றுக் குழாயில் நீருக்கு முன் வரும் காற்று, சுழலும் வகை அளவுமானியை வீணாகச் சுற்றவும் செய்யும். ஆகவே தொடர்ந்து நீர் தராமல் மானியை மட்டும் பொருத்துவது, கணக்கு தொடங்காதவருக்குப் பாஸ்புக் கொடுப்பது போன்றது. சாத்தாரா மாவட்டத்தின் மல்காப்பூர் என்னும் சிற்றூர், நாள் முழுவதும் நீர், அளவுக்கேற்ற கட்டணம் இரண்டையும் சேர்த்தே நடைமுறைப்படுத்தியதால் பெயர் பெற்றது. புணேயில் மானி முதலில் வந்தது. நீர் பின்னால் வரும் என்றார்கள். பல பகுதிகளில் மானி பொருத்த வந்தவர்களை மக்கள் தடுத்ததில் நமக்கு வியப்பில்லை.

அந்த எதிர்ப்பை அறியாமை என்று ஒதுக்கிவிடலாகாது. இன்று அளக்கும் கருவி நாளை மூடும் கருவியாகுமோ என்பதே மக்களின் கேள்வி. சாதாரண நுகர்வோர் வீடுகளில் முன்பணம் கட்டும் ஸ்மார்ட் மின்மானி பொருத்தப்படாது என்று 2024 ஜூனில் மாநில அரசே அறிவிக்க நேர்ந்ததும் ஏறத்தாழ இதே அச்சத்தால்தான். தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில் ஃபிரி என்னும் பகுதியில் இந்த அச்சம் நடைமுறையாகவே இருந்தது. அங்கே பொருத்தப்பட்ட முன்பண அளவுமானி, மாதம் 6,000 லிட்டர் இலவச நீர் முடிந்ததும், பணம் செலுத்தும் வரை தானாகவே நீரை நிறுத்தியது. ஒரே மனையில் பல குடும்பங்கள் வாழ்ந்த இடங்களில் மாதம் முடியும் முன்பே குழாய் வறண்டது. வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை சென்றது. 2009இல் தீர்ப்பு மாநகரத்திற்குச் சாதகமாக அமைந்தது. சட்டப்படி சரி என்பதாலேயே அது நமக்கு முன்மாதிரி ஆகிவிடாது என்பது எமது கருத்து.

கண்காணிப்பதும் கட்டுப்படுத்துவதும் ஒரே கம்பியில் வரும் இரண்டு வெவ்வேறு அதிகாரங்கள். முதலாவதை இயந்திரத்திடம் தாராளமாக ஒப்படைக்கலாம். தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்துவது, குழாய் வெடித்தால் அந்தக் கிளையின் வால்வை மூடுவது போன்றவற்றில் இரண்டாவதையும் ஒப்படைக்கலாம்; அங்கே தாமதமே இழப்பு. ஒரு வீட்டின் நீரை நிறுத்துவது அந்த வகையைச் சேர்ந்ததன்று.

வங்கித் துறை இந்த வேறுபாட்டைச் சற்று முன்னதாகவே கற்றுக்கொண்டது. ஒருவர் பதிவு செய்தால் மற்றொருவர் ஒப்புதல் தர வேண்டும் என்பது எங்கள் பழைய விதி. தானியங்கிப் பற்று வசதி பரவியபோது ரிசர்வ் வங்கி அதை நிறுத்திவிடவில்லை. 2021 அக்டோபர் 1 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த விதிப்படி, கணக்கிலிருந்து பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்குச் செய்தி போக வேண்டும். அவர் அதைத் தடுக்கவும் வழி இருக்க வேண்டும். முதலில் எங்களுக்கும் இது தொல்லையாகவே தோன்றியது. பல தவணைகள் தடைப்பட்டன. ஆனால் சில நூறு ரூபாய்ச் சந்தாவுக்கே முன்னறிவிப்பு தேவையெனில், ஒரு குடும்பத்தின் குடிநீருக்கு அதைவிடக் குறைவான பாதுகாப்பு இருப்பது எவ்வகையில் நியாயம்? முன்னறிவிப்பு, முறையிட ஓர் அலுவலர், எந்நிலையிலும் நிறுத்தப்படாத ஓர் அடிப்படை அளவு ஆகிய மூன்றும் கருவியின் மென்பொருளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். சுற்றறிக்கையில் மட்டும் எழுதினால் கருவிக்கு அது தெரியாது.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் பெருந்திரளாகக் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் அதனால் முடங்கின. அங்கே முடங்கியவை வலைத்தளங்கள். தொலைவிலிருந்து திறந்து மூடும் வால்வுகளை நகரெங்கும் பொருத்தினால், அதே அலட்சியத்தின் விலை என்னவாக இருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். கருவிகளின் மின்கலம் தீரும், அளவு பிறழும். பத்தாண்டுப் பராமரிப்புச் செலவை மதிப்பீட்டில் காட்டாத திட்டத்திற்குக் கடன் தர எந்த வங்கியாளரும் தயங்கவே வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது அயலூர்க் கதையன்று. கோயம்புத்தூரில் நாள் முழுவதும் குடிநீர் வழங்கும் பணி 2018இல் சூயஸ் நிறுவனத்திற்கு 26 ஆண்டு ஒப்பந்தத்தில் அளிக்கப்பட்டது. அங்கும் மற்ற நகரங்களிலும் வீட்டு வாசலுக்கு மானி வரும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணம் எவ்வளவு என்பதன்று. இந்தக் கருவியால் நீரை நிறுத்த முடியுமா, முடியுமெனில் யாருடைய கையொப்பத்தில் என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.