சிறகு வரைந்தால் போதுமா?

மூன்றரை அங்குல நீளம். இரண்டு அங்குல அகலம். எடை ஒரு கிராமைச் சற்றே தாண்டும். சட்டைப்பையில் பத்து வைத்திருந்தாலும் பாரம் தெரியாது. ஆயினும் அந்தச் சிறு அட்டை சுமந்து வரும் சொல்லுக்குப் பாரம் உண்டு. பலசரக்கு வணிகர் தம் அட்டையில் ஒரு சொல்லைக் கூட்டிப் போட்டால் நமக்கு நட்டம் நாலு ரூபாய். பிறர் பெற்ற பிள்ளையை வானத்துக்கு அழைத்துச் செல்லும் விமானப் பயிற்றுநர் ஒரு சொல்லைக் கூட்டிப் போட்டால்? குடும்பம் ஒன்றின் பல லட்சம் ரூபாய் போகும். இளைஞன் ஒருவனின் ஆண்டுகள் போகும். எனவே, விமானப் பயிற்றுநரின் முகவரி அட்டையில் எதை அச்சிட வேண்டும், எதை அச்சிடலாகாது என்று கேட்பது வெட்டிப் பேச்சாகாது, நண்பர்களே!

அல்சூரில் இருந்துகொண்டு இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. விமானத்தோடு இந்த ஊருக்குள்ள உறவு பழையது. 1940இல் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை நமக்குக் கிழக்கே இருக்கிறது. 2008இல் பயணிகள் விமான நிலையம் தேவனஹள்ளிக்குப் போய்விட்டது. பழைய விமான நிலையச் சாலை என்ற பெயர் மட்டும் போகவில்லை. வடக்கே ஜக்கூரில் 1940களின் இறுதியில் அரசு விமானப் பயிற்சிப் பள்ளி எழுந்தது. அங்கே பயின்று 1949இல் வெளிவந்தவர் உஷா சுந்தரம். 1951இல் அவரும் அவர் கணவர் வி. சுந்தரமும், சென்னை அரசு வாங்கிய டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து தாமே ஓட்டிக்கொண்டு 27 மணி நேரத்தில் இந்தியா வந்து சேர்ந்தனர். அவர்கள் பெயரை நிலைநாட்டியது பொன் முலாம் பூசிய அட்டையா? அவர்கள் பறந்த பறப்பு அன்றோ!

இன்று நம் கைக்கு வரும் அட்டைகளைப் பாருங்கள். விரித்த சிறகு ஒன்று, பொன் நிறத்தில். அதன்கீழ் 'கேப்டன்' என்ற பட்டம். பின்னால் நீல வானம். அதில் பயிற்சிப் பள்ளியில் ஒருநாளும் காணக் கிடைக்காத பெரிய ஜெட் விமானம். எந்தப் பள்ளி, என்ன தகுதி, யாருடைய ஒப்புதல் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. சிறகு இருக்கிறது, செய்தி இல்லை. மணம் இருக்கிறது, சோறு இல்லை.

'கேப்டன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். விமான நிறுவனங்களில் அது விமானத்தின் பொறுப்பு முழுவதையும் ஏற்கும் தலைமை விமானியைக் குறிக்கும். அந்நிலைக்குரிய உயர்நிலை உரிமம் பெற நம் நாட்டில் 1500 மணி நேரப் பறப்பு வேண்டும். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் போதும். பயிற்சிப் பள்ளிகளில் மரியாதை கருதி ஆசிரியர் எல்லாரையும் கேப்டன் என்றே அழைப்பார்கள். அழைக்கட்டும், வாயால் தரும் மரியாதைக்கு யார் தடை சொல்வார்? ஆனால் பிறர் தரும் மரியாதையைத் தாமே அச்சடித்துப் பிறர் கையில் தருவது வேறு. அதைப் படிக்கும் தந்தைக்கு 200க்கும் 1500க்கும் உள்ள இடைவெளி எப்படித் தெரியும்?

பயிற்றுநர்களுக்குள்ளும் படிகள் உண்டு. உதவிப் பயிற்றுநர் தகுதி பெற்றவர், முழுத் தகுதி பெற்ற பயிற்றுநரின் மேற்பார்வையில் கற்பிப்பவர். அதற்கு மேலே பயிற்றுநர். பள்ளியின் பறப்புப் பயிற்சிக்கெல்லாம் பொறுப்பாகத் தலைமைப் பயிற்றுநர். 'உதவி' என்ற மூன்றெழுத்தை அட்டையில் போடுவதற்குச் சிலர் கூசுகிறார்கள். கூச்சம் எதற்கு? கல்லூரியில் உதவிப் பேராசிரியர் தம் பதவியை மறைக்கிறாரா? உதவி என்று எழுதியவரை நம்பலாம். உள்ளதை உள்ளபடி சொல்ல அவருக்குத் துணிவு இருக்கிறது என்று தெரிகிறது.

அமெரிக்காவில் பயிற்றுநர் ஒருவர் எந்தப் பள்ளியையும் சாராமல் தனித்து நின்று கற்பிக்கலாம். அங்கே அவருடைய அட்டையே அவருக்குக் கடை. அதைக் கண்ணைக் கவரும்படி செய்துகொள்வதில் நியாயம் உண்டு. நம் நாட்டு வழி வேறு. இங்கே உரிமம் பெற வருபவருக்கான பயிற்சி, சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் ஒப்புதல் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் நடக்க வேண்டும். ஆகவே, பள்ளியின் பெயர் இல்லாத அட்டை, ஊர்ப் பெயர் இல்லாத கடிதம். அதை அடைய வேண்டியவரிடம் அது சேராது.

அண்மையில் இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் வந்தபின், ஆளில்லா வானூர்தியை இயக்கக் கற்பிக்கும் பயிற்றுநர்களும் பெருகியுள்ளனர். நல்ல தொழில்; நாட்டுக்கு வேண்டிய தொழில். ஆனால் இருவர் அட்டையிலும் வெறும் 'பறப்புப் பயிற்றுநர்' என்றிருந்தால் படிப்பவன் என்ன செய்வான்? தேரோட்டியை 'வலவன்' என்றனர் சங்கப் புலவர். வலவன் இன்றியே செல்லும் வானூர்தியைப் புறநானூற்றுப் பாட்டு ஒன்று கற்பனை செய்திருக்கிறது. வலவன் உள்ளது, வலவன் இல்லாதது என்று அன்றே பிரித்துப் பார்த்த மொழியில், இன்று அட்டை அடிப்பவர் பிரித்து எழுத முடியாதா?

இனி மொழிக்கு வருவோம். வானத்தின் மொழி ஆங்கிலம், அதில் வழக்கில்லை. பன்னாட்டு விமானப் போக்குவரத்தில் ஈடுபடும் விமானிக்கு ஆங்கிலத் திறனில் நான்காம் நிலையாவது இருக்க வேண்டும் என்பது உலகளாவிய விதி. ஆனால் அட்டையைப் படிப்பவர் வானத்தில் இல்லை. வீட்டுத் திண்ணையில் இருக்கிறார். பணம் கட்டுபவர் தந்தை. நகையைக் கழற்றிக் கொடுப்பவர் தாய். மகன் ஆங்கிலத்தில் படித்துக்கொள்வான். தாய்க்கு எந்த மொழியில் சொல்வது? ஒரு பக்கம் ஆங்கிலமும் மறுபக்கம் கன்னடமும் தமிழும் இருக்கட்டும் என்பது என் கருத்து. கன்னடம் முதலில், தமிழ் அடுத்து. வாழும் மண்ணுக்கு முதல் மரியாதை செய்வதால் தாய்மொழி தாழ்ந்துவிடாது. 2024இல் வந்த சட்டத் திருத்தம் வணிகப் பெயர்ப்பலகைகளில் 60 விழுக்காடு கன்னடம் வேண்டும் என்கிறது. அது பலகைக்கான சட்டம். சட்டம் கேட்காத இடத்தில் நாமே செய்வதுதான் நட்பு. அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சில நாளில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. சிலைகள் ஊர் மாறி நிற்கத் துணிந்தபோது எழுத்துகள் ஓர் அட்டையில் நிற்கக் கூடாதா?

தமிழில் எழுதினால் மட்டும் போதாது. தமிழாக எழுத வேண்டும். 'பயிற்சியாளர்' என்றால் கற்பிப்பவரா, கற்பவரா என்ற ஐயம் எழும். 'பயிற்றுநர்' என்றால் ஐயமில்லை. அதையும் 'பயிற்றுனர்' என்று அடித்துவிடுகிறார்கள். ஓட்டுநர், இயக்குநர் போல இங்கும் வருவது 'நர்' விகுதி. 'விமானப் பயிற்றுநர்' என்பதில் ஒற்றை விழுங்காதீர்கள். இந்திய மொழிகளுள் முதன்முதலில் அச்சேறியது தமிழ். 1578இலேயே கொல்லத்தில் தமிழ் நூல் அச்சானது. அந்த மொழி இன்று ஓர் அட்டையில் பிழையோடு அச்சேறினால் குறை எந்திரத்தினுடையதா, நம்முடையதா?

எந்திரத்துக்கும் ஒரு குறை உண்டு. அதை அறிந்தால் தப்பலாம். தமிழ் எழுத்தமைப்பை அறியாத வடிவமைப்பு மென்பொருளில் ஒருங்குறித் தமிழை ஒட்டினால், கொம்பும் இணைக்கொம்பும் இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'தொலைபேசி' என்ற ஒரு சொல்லே போதும். அதில் மூன்று எழுத்துகள் கொம்பு உடையவை. மூன்றும் சிதறும். ஆகவே, அச்சுக்குப் போகுமுன் மெய்ப்பைத் தாளில் எடுத்துத் தமிழ் அறிந்த ஒருவர் படிக்க வேண்டும். ஆங்கிலத்தை ஏழு புள்ளி அளவில் அடித்தாலும் படிக்கலாம். தமிழுக்கு எட்டரையாவது வேண்டும். சுழிகள் அடைபட்டால் ணகரமும் னகரமும் ஒன்றாய்த் தெரியும். வெட்டும் ஓரத்திலிருந்து எழுத்து சற்று உள்ளே தள்ளி நிற்கட்டும். 300 கிராம் தாள் போதும். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம். அட்டையை வாங்கும் தந்தை அதன் ஓரத்தில் நாளையும் கட்டணத்தையும் குறித்துக்கொள்ள விரும்புவார். பளபளப்பின்மேல் பேனா வழுக்கும். ஒரு மூலையை வெறுமையாக விட்டுவைப்பது அவருக்குச் செய்யும் உதவி.

"எல்லாம் கைப்பேசிக்குள் வந்தபின் அட்டை எதற்கு?" என்று கேட்பவர் உண்டு. கட்டம் கட்டமாய் ஒரு குறியீட்டை அடித்தால் போதுமாம். அதைப் படம் பிடித்தால் எல்லா விவரமும் திரையில் வருமாம். வரும். நாளை அதே குறியீடு வேறு விவரத்தைக் காட்டவும் கூடும். திரையில் உள்ளதை இரவோடிரவாக மாற்றலாம். கொடுத்த அட்டையை மாற்ற முடியாது. 'நீங்கள் அன்று இப்படித்தானே சொன்னீர்கள்?' என்று எடுத்துக் காட்டக்கூடிய சாட்சி அது. அச்சிட்டவரையே கட்டுப்படுத்தும் அந்த வலிமைக்காகவே அட்டை வேண்டும் என்கிறேன்.

பெயர், உள்ளபடியான தகுதி, ஒப்புதல் பெற்ற பள்ளியின் பெயர், தொடர்பு எண். இந்நான்கும் தெளிவாக இருந்தால் சிறகு இருந்தாலும் அழகு, இல்லாவிட்டாலும் அழகு. நம் மன்றத்தில் வடிவமைப்புக் கலை கற்ற தோழர்கள் இருக்கிறார்கள். விமானப் பொறியியல் கற்போரும் இருக்கிறார்கள். நாளை உங்களிடம் ஒருவர் வந்து, "தம்பி, கேப்டன் என்று பெரிதாகப் போடு, உதவி என்பதை எடுத்துவிடு" என்பார். வரைவது நீங்கள் என்பதால் பொறுப்பில் பாதி உங்களுடையது. "ஐயா, உள்ளதைப் போடுவோம், அதை அழகாகப் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். சொல்ல வேண்டியது அவ்வளவே.