பான்ட் ஏழு எடுத்தால் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடலாமா?

பதிவு கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள். ஆனால் கடைசிவரை வாசித்துவிட்டு எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பில் முதுமாணி செய்யப் போகிறோம் என்று சொல்லும் பிள்ளைகள் இப்போது எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். மொழிபெயர்ப்புக் கற்கைகளில் பட்டத்தை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே படிக்கலாம். அதற்கு மேல் வெளிநாடு போவதென்றால் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஐ.ஈ.எல்.ரி.எஸ் அக்கடமிக் பரீட்சையில் 6.5 அல்லது 7 கேட்கின்றன. அந்த எண்ணைக் கேட்டதும் நாம் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டு விட்டோம். "மகன் ஏழு எடுத்திட்டாரா?" என்று பள்ளிவாசல் வாசலில் விசாரிக்கிறோம். "மகள் இப்ப என்ன வாசிக்கிறா?" என்று ஒருவரும் கேட்பதில்லை.

நாங்கள் ஆசிரியர்கள். இந்தப் பிள்ளைகளுக்கு ஆறாம் தரத்திலிருந்து பாடம் சொன்னவர்கள். அதனால் ஒளிக்காமல் சொல்கிறோம்: இப்போது நடப்பது ஆயத்தமே இல்லை. முப்பது நாளில் ஏழு என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். போகிற பிள்ளைக்கு இருபது கட்டுரை கையில் கொடுக்கப்படுகிறது. சுற்றாடலுக்கு ஒன்று, தொழில்நுட்பத்துக்கு ஒன்று, குற்றச்செயலுக்கு ஒன்று. தொடக்க வரியும் முடிவு வரியும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். நடுவில் தலைப்பை மாற்றிச் செருக வேண்டும். பிள்ளையும் விடிய எழும்பி அதை ஓதி மனனம் செய்கிறது.

மனனத்தை நாங்கள் இழிவாகச் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் ஹாஃபிழ்கள் இருக்கிறார்கள், அந்த உழைப்பின் கனம் எங்களுக்குத் தெரியும். ஆனால் மனனம் செய்த எல்லாரும் தஃப்ஸீர் சொல்ல முடியாது என்பதும் எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். மார்க்கத்தில் விளங்கும் இந்த வேறுபாடு, பிள்ளையின் படிப்பு என்று வந்ததும் எங்கே போகிறது?

இந்த மனனம் பரீட்சைக்கும் உதவாது. எழுத்துப் பகுதிக்கு ஒரு மணித்தியாலம். ஒரு வரைபையோ அட்டவணையையோ விவரித்துக் குறைந்தது 150 சொல், பிறகு ஒரு கட்டுரை குறைந்தது 250 சொல். கட்டுரைக்குத்தான் இரட்டிப்புப் பெறுமதி. பாடமாக்கிய விடையை அடையாளம் காணப் பரீட்சகர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஒரே வகுப்பிலிருந்து போன பத்துப் பேரும் ஒரே வரியில் தொடங்கினால் அவருக்கு விளங்காதா? அப்படி எழுதியவர் 5.5 உடன் திரும்பி வந்து மறுபடியும் பணம் கட்டுகிறார். கட்டணம் என்ன சின்னத் தொகையா? வாப்பாமார் கடன்பட்டுக் கட்டுகிறார்கள். பிள்ளை தோற்றாலும் வகுப்புக்காரருக்கு நட்டமில்லை, அடுத்த முப்பது நாளுக்கும் அதே பிள்ளை வரும். இன்னும் ஒன்று: சில வகுப்புகளில் குடிவரவுக்காகப் போகிறவர்களுக்கான ஜெனரல் பரீட்சைத் தாள்களையே எல்லாருக்கும் கொடுத்துப் பயிற்றுகிறார்கள். முதுமாணிக்குப் போகிறவர் எழுத வேண்டியது அக்கடமிக். வாசிப்புத் தாளும் முதல் எழுத்து வேலையும் இரண்டிலும் வேறு. இதைக்கூடக் கேட்காமலா பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம்?

பரீட்சையைத் திட்டுவது எங்கள் நோக்கமில்லை. ஒழுங்காகப் பார்த்தால் அதற்குள் மொழிபெயர்ப்பாளருக்கான பயிற்சியே ஒளிந்திருக்கிறது. வாசிப்புப் பகுதியை எடுங்கள். ஒரு மணித்தியாலம், மூன்று நீண்ட பந்திகள், நாற்பது கேள்விகள். அதில் ஒரு வகைக் கேள்வி எங்கள் பிள்ளைகளைக் கவிழ்த்துக் கொட்டுகிறது. ஒரு கூற்றைத் தருவார்கள். அது பந்தியின்படி சரியா, பிழையா, அல்லது அதைப்பற்றிப் பந்தியில் சொல்லப்படவே இல்லையா என்று எழுத வேண்டும். இப்படி வைத்துக்கொள்வோம். மன்னாரில் முத்துக் குளிக்க அரபு நாட்டவரும் வந்தார்கள் என்று பந்தி சொல்கிறது. அரபு நாட்டவரே மற்றவர்களைவிட அதிக முத்து எடுத்தார்கள் என்று கூற்று சொல்கிறது. எங்கள் பிள்ளை சந்தோஷமாக 'சரி' என்று போட்டுவிட்டு வரும்! எடுத்தார்களோ இல்லையோ, பந்தி அதைச் சொல்லவில்லை. விடை 'சொல்லப்படவில்லை'.

மொழிபெயர்ப்புத் தொழிலின் முதல் ஒழுக்கம் இதுதான். மூலத்தில் இல்லாததைச் சேர்க்காதே. அது உனக்குப் பிடித்ததாக இருந்தாலும், உண்மையாகவே இருந்தாலும் சேர்க்காதே. எங்கள் வீட்டுக் குர்ஆன் தமிழாக்கங்களைத் திறந்து பாருங்கள். விளக்கத்துக்காகச் சேர்த்த சொற்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். எது மூலம், எது தன் கை என்று வாசிப்பவருக்குக் காட்டிக்கொடுக்கும் அமானிதம் அது. சின்ன வயதிலிருந்து அந்த அடைப்புக்குறிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வியை விளங்கப்படுத்த ஐந்து நிமிடம் போதும். ஆனால் வகுப்பில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? "விளங்காவிட்டால் சொல்லப்படவில்லை என்று போடுங்கோ, சந்தர்ப்பம் கூட."

கட்டுரையும் அப்படித்தான். கேள்வியில் வந்த கருத்தைக் கருத்துக் குலையாமல் வேறு சொல்லில் சொல்லத் தெரிய வேண்டும். அது ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பு. வரைபை விவரிப்பது, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லிக் காரணம் கற்பிக்காமல் நிறுத்துவது. கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் ஓடும். உரைபெயர்ப்பாளராக நீதிமன்றத்தில் நிற்கப் போகிறவருக்கும் சாட்சி ஒரு தடவைதான் சொல்வார். பேச்சுப் பகுதி பதினைந்து நிமிடம்கூட இல்லை, அதற்கு உச்சரிப்பை அமெரிக்காவாக்கத் தேவையில்லை. விளங்கப் பேசினால் போதும்.

இனி எங்களுக்குக் கூடுதலாக வயிறெரியும் விஷயம். "தமிழ் தாய்மொழிதானே சேர், அதுக்கு என்ன படிப்பு?"

பரீட்சை அளப்பது ஆங்கிலத்தை மட்டும். மொழிபெயர்ப்புக்கு இரண்டு கால் வேண்டும். யாழ்ப்பாணத்து மண்ணில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கம். மானிப்பாயில் மருத்துவம் சொல்லிக்கொடுத்த சாமுவேல் கிறீனை எடுங்கள். 1847இல் வந்த அமெரிக்கர். இன்றைய கணக்கில் அவருக்கு ஆங்கிலத்தில் ஒன்பது போட்டுத்தான் ஆக வேண்டும். அந்த ஒன்பதை வைத்து அவரால் ஒரு பக்கத்தைக்கூடத் தமிழாக்கியிருக்க முடியாது. உட்கார்ந்து தமிழ் படித்தார், உள்ளூர் மாணவர்களைக் கூட வைத்துக்கொண்டு சொல் சொல்லாகத் தேடினார், பிறகுதான் அங்காதிபாதமும் இரணவைத்தியமும் கெமிஸ்தமும் வந்தன. 1864இலிருந்து மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார். பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்பில் நாவலர் உட்கார்ந்ததும் அதற்காகத்தான். ஆங்கிலம் தெரிந்தவர் பாதிரியார், தமிழ் தெரிந்தவர் நாவலர்.

எங்கள் ஆட்களைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் குர்ஆன் பள்ளிக்கூடத்தில் தொடங்கி, வைத்தீஸ்வராவில் படித்து, யாழ் இந்துக் கல்லூரிக்குப் போய், இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் ஆனார். ஆங்கிலத்தில் அவருக்கு என்ன குறை? 'இலங்கையில் இஸ்லாம்' நூலைத் தமிழில்தான் எழுதினார். பாணந்துறையில் சிங்களச் சூழலில் வளர்ந்த ம.மு. உவைஸ், மார்ட்டின் விக்கிரமசிங்கவின் கம்பெரலியவை 'கிராமப் பிறழ்வு' என்று எங்களுக்குத் தந்தார். இரண்டு கரையையும் தெரிந்தவர்கள்தான் பாலம் போட்டார்கள்.

இன்றைக்கு முதுமாணிக்கு ஆயத்தமாகும் பிள்ளையிடம் அக்கவுன்டபிலிற்றி என்றால் என்ன என்று கேளுங்கள். 'பொறுப்புக்கூறல்' என்று பட்டெனப் பதில் வரும். சரி, பொறுப்புக்கும் பொறுப்புக்கூறலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் மேலே விசிறியைப் பார்க்கும். சொற்பட்டியல் இருக்கிறது, சொல் இல்லை.

இதில் எங்களுக்கு என்ன அவசரம்? சொல்கிறோம். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். அது உங்கள் எல்லாருக்கும் தெரியும், எங்களில் பலர் அதனால்தான் புத்தளத்தில் வளர்ந்தோம். நாங்கள் வெளியேற்றப்பட்டவர்கள். ஆனால் நிவாரண அட்டையிலிருந்து வெளிநாட்டு அறிக்கைவரை எங்களுக்கு ஒட்டப்பட்ட பெயர் 'இடம்பெயர்ந்தோர்'. வெள்ளத்துக்கு ஓடியவரும் இடம்பெயர்ந்தவர்தான், ஷெல்லுக்கு ஓடியவரும் இடம்பெயர்ந்தவர்தான். அந்தச் சொல்லில் துரத்தியவர் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டு வேறு சொற்கள் இருக்கின்றன, தமிழிலும் இருக்கின்றன. எதை எதற்குப் போடுவது என்று ஒரு மேசையில் இருந்த யாரோ முடிவெடுத்தார். யுத்தம் முடிந்த பிறகு இன்னொரு பிரிப்பு வந்தது. 2008க்கு முந்தியவர்கள் 'பழைய' இடம்பெயர்ந்தோர், பிந்தியவர்கள் 'புதிய' இடம்பெயர்ந்தோர். உதவி முதலில் யாருக்குப் போனது என்று மீள்குடியேறி வந்து தகரக் கொட்டிலில் இருந்தவர்களைக் கேளுங்கள். ஒரு பெயரடைக்கு அவ்வளவு விலை.

கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை 2011 டிசம்பரில் வந்தது. எங்கள் வெளியேற்றத்தைப் பற்றியும் அதில் இருக்கிறது. வந்தது ஆங்கிலத்தில். தமிழில் சாட்சி சொன்ன மக்கள், தாங்கள் சொன்னது என்னவாகப் பதியப்பட்டது என்பதைத் தமிழில் பார்க்கக் காத்திருக்க வேண்டியிருந்தது.

அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இல் தமிழையும் அரச கரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. நல்லது. ஆனால் நாடாளுமன்றச் சட்டங்களின் கடைசிப் பிரிவைப் பாருங்கள். சிங்கள, தமிழ்ப் பிரதிகளுக்கிடையே முரண்பாடு வந்தால் சிங்களப் பிரதியே மேலோங்கும் என்று ஏறத்தாழ எல்லாவற்றிலும் இருக்கிறது. அப்படியானால் தமிழ்ப் பிரதியில் ஒரு பிழை விடப்பட்டால் அந்தப் பிழையோடு வாழ்கிறவர்கள் யார்? ஒரு அலுவலகக் கடிதத்தில் 'பரிசீலிக்கப்படலாம்' என்று வர வேண்டிய இடத்தில் 'பரிசீலிக்கப்படும்' என்று வந்துவிட்டால், காணி உறுதியைப் பையில் சுற்றி வைத்துக்கொண்டு ஒரு மூத்தம்மா வருடக்கணக்காகக் காத்திருப்பார். மொழிபெயர்த்தவர் எங்கேயோ சம்பளம் எடுத்துக்கொண்டிருப்பார், ஒருவேளை பான்ட் ஏழுடன்.

இந்த இடத்துக்கு எங்கள் பிள்ளைகள் போக வேண்டும். அவர்களுக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு முதல் இருக்கிறது. புத்தளத்தில் வளர்ந்த காலத்தில் சந்தையிலும் பஸ்ஸிலும் சிங்களத்தைக் காதால் எடுத்தவர்கள். தமிழ் வீட்டில், சிங்களம் தெருவில், அரபு மத்ரஸாவில். யாழ்ப்பாணத்தில் பொலிஸ் நிலையத்திலும் வைத்தியசாலையிலும் செயலகத்திலும் மூன்று மொழி தெரிந்த ஆளுக்காக மக்கள் வரிசையில் நிற்கும்போது, அந்த முதலை மூடி வைத்துவிட்டு இருபது ஆங்கிலக் கட்டுரையை மனனம் செய்யச் சொல்கிறோம். ஊருக்குத் திரும்பி வந்ததும் "சிங்களம் கதைக்காதே" என்று பிள்ளையை அடக்கிய வீடுகளும் இருக்கின்றன. ஏன் என்று எங்களுக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

"முதலில் ஏழு எடுக்கட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்று சொல்கிறவர்களுக்கு: பெறுபேறு செல்லுபடியாவது இரண்டு வருடம். அவசரப்பட்டு எடுத்து வைத்து, அனுமதி கிடைக்கும் முன் காலாவதியானவர்கள் இருக்கிறார்கள். ஒரு வருடம் ஒழுங்காக வாசித்தால் ஆறு ஏழாகும். வாசிக்காதவருக்கு நாலாம் தடவையும் ஆறுதான். "பெண்பிள்ளையை இருட்டின பிறகு ரவுண் வகுப்புக்கு எப்படி அனுப்புவது?" என்று கேட்கும் உம்மாமாருக்கு: அனுப்பவே வேண்டாம். இந்த ஆயத்தத்தில் முக்கால்வாசி வீட்டு மேசையில் நடக்கிற வேலை. காலையில் ஒரு ஆங்கிலப் பத்திரிகைத் தலையங்கம், அதே நாளின் தமிழ்ப் பத்திரிகைத் தலையங்கம். ஆங்கிலத்தின் ஒரு பந்தியைத் தமிழாக்கி, இரண்டு நாள் கழித்து மூலத்தைப் பார்க்காமல் திரும்ப ஆங்கிலமாக்கி, பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். எங்கே கருத்து ஒழுகியது என்று தானே தெரியும். கட்டுரைத் திருத்தத்துக்கு மட்டும் ஒரு நல்ல ஆசிரியரைப் பிடியுங்கள். காசை அங்கே கொடுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் பழைய மாணவர் சங்கத்திடமும் ஒன்று கேட்கிறோம். வெளிநாட்டிலுள்ள உறவுகள் அனுப்பும் கல்வி உதவியில் 'ஐ.ஈ.எல்.ரி.எஸ் வகுப்புக் கட்டணம்' என்று ஒரு வரி வருகிறதே, அதை நிறுத்துங்கள். அந்தப் பணத்தில் நல்ல அகராதிகளும் இரு மொழிப் பத்திரிகைகளும் வாங்கி ஒரு அறையில் வையுங்கள். பரீட்சைக் கட்டணத்தை மட்டும், ஆயத்தமான பிள்ளைக்கு, ஒரு தடவை கொடுங்கள். யார் ஆயத்தம் என்று பார்த்துச் சொல்ல நாங்கள் சம்பளமில்லாமல் வருகிறோம்.

அறை கிடைக்கும்வரை காத்திருக்கப் போவதில்லை. வருகிற சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு தொடங்குகிறோம், இடத்தைக் கீழே கருத்துப் பெட்டியில் போடுகிறோம். பெண்பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை, ஆசிரியைகள் இருப்பார்கள். முதல் பாடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டம். தமிழ்ப் பிரதியும் ஆங்கிலப் பிரதியும் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு வாருங்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் சிங்களப் பிரதியையும் எடுத்து வாருங்கள்.