வாக்குச்சீட்டில் ஊதியமா?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில், சிறந்த அறிமுக வீரருக்கான விருது 1947-இல் தொடங்கியது. அதை முதலில் பெற்றவர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் ஜாக்கி ராபின்சன். கறுப்பின வீரர்களுக்கு அதுவரை மூடியே கிடந்த லீக்கில் அவர் நுழைந்தபோது வயது 28. 1987 முதல் விருதுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தைச் சேர்ந்த செய்தியாளர்கள் வாக்களித்து, அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டுக்கும் தலா ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பல பத்தாண்டுகளாக அது பெருமைக்குரிய ஒரு பட்டம். 2022-இல் அணி உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தம், அந்தப் பட்டத்தை இளம் வீரர்களின் ஊதியத்தோடும் பணிக்காலத்தோடும் முடிச்சுப் போட்டுவிட்டது. அந்த ஒப்பந்தத்தின் ஆயுள் 2026 டிசம்பர் 1-ஆம் தேதி வரைதான். அடுத்த ஒப்பந்தத்தில் இந்த முடிச்சை அவிழ்த்தே ஆக வேண்டும்.

முடிச்சு விழுந்த கதையைத் தெரிந்துகொள்வது அவசியம். மேஜர் லீக்கில் ஒரு வீரர் 172 நாட்கள் அணியில் இருந்தால் அது ஓர் ஆண்டுப் பணிக்காலம். பொதுவாக மூன்று ஆண்டுகள் முடிந்த பிறகே ஊதியத் தகராறை நடுவரிடம் கொண்டுசெல்ல முடியும். விரும்பிய அணிக்குப் போகும் சுதந்திரம் ஆறு ஆண்டுகள் முடிந்த பிறகே கிடைக்கும். நடுவரிடம் போகும் தகுதி வரும்வரை அணி கொடுப்பதுதான் சம்பளம். எனவே, திறமைசாலி ஒருவரைப் பருவத்தின் தொடக்கத்தில் சில வாரங்கள் மைனர் லீக்கிலேயே வைத்திருந்தால், அவரை மேலும் ஓர் ஆண்டு கைக்குள் வைத்திருக்கலாம் என்று அணி நிர்வாகங்கள் கணக்குப் போட்டன.

சிகாகோ கப்ஸ் அணியின் கிரிஸ் பிரையன்ட் இந்தக் கணக்குக்குப் பலியானவர். 2015-இல் அவரை ஏப்ரல் 17-ஆம் தேதிதான் மேலே அழைத்தார்கள். அந்த ஆண்டு அவர் கணக்கில் சேர்ந்தவை 171 நாட்கள். அதே ஆண்டு நேஷனல் லீக்கின் சிறந்த அறிமுக வீரரும், மறு ஆண்டு அந்த லீக்கின் மதிப்புமிக்க வீரரும் அவர்தான். ஆனாலும் ஒரே ஒரு நாள் குறைந்ததால், அணி மாறும் சுதந்திரம் ஓர் ஆண்டு தள்ளிப் போனது. வீரர்கள் சங்கம் தொடுத்த முறையீட்டை 2020 தொடக்கத்தில் நடுவர் தள்ளுபடி செய்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் மாரினர்ஸ் அணியின் தலைவர் கெவின் மேதர், இளம் வீரர்களைக் கீழேயே நிறுத்திவைக்கும் உத்தியை ரோட்டரி சங்கக் கூட்டம் ஒன்றில் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். காணொளி வெளியானதும் அவர் பதவி விலக நேர்ந்தது. உத்தி மட்டும் விலகவில்லை.

இதற்கு மருந்தாகத்தான் 2022 ஒப்பந்தம் விருது வாக்கெடுப்பைக் கையில் எடுத்தது. அறிமுக வீரர் விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடங்களில் வருபவருக்கு, எத்தனை நாள் ஆடியிருந்தாலும் முழு ஆண்டுப் பணிக்காலம் உண்டு. நடுவரிடம் போகும் தகுதியை இன்னும் எட்டாத வீரர்களுக்காக ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஊக்கத்தொகை நிதியும் ஒதுக்கப்பட்டது. அதிலிருந்து, லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதையோ சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையோ வென்றால் 25 லட்சம் டாலர். இரண்டாம் இடத்துக்கு 17.5 லட்சம், மூன்றாம் இடத்துக்கு 15 லட்சம், நான்காம், ஐந்தாம் இடங்களுக்குத் தலா 10 லட்சம். சிறந்த அறிமுக வீரருக்கு 7.5 லட்சம், அடுத்தவருக்கு 5 லட்சம். 2026-இல் ஒரு வீரரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியமே 7.8 லட்சம் டாலர் என்பதை வைத்துப் பார்த்தால் இந்தத் தொகைகளின் கனம் புரியும்.

இதனால் நன்மை விளையவில்லை என்று சொல்ல முடியாது. பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் கேட்சர் ஆட்லி ரட்ச்மேன் 2022 மே மாதம் 21-ஆம் தேதிதான் அறிமுகமானார். வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பிடித்ததால் முழு ஆண்டும் அவர் கணக்கில் ஏறியது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பிட்சர் பால் ஸ்கீன்ஸ் 2024 மே மாதம் 11-ஆம் தேதி களமிறங்கி, அறிமுக வீரர் விருதை வென்று, இழந்த நாட்களை மீட்டார். மறு ஆண்டே ஒருமனதாக சை யங் விருதையும் பெற்றார். பிரையன்டுக்குக் கிடைக்காத நீதி இவர்களுக்குக் கிடைத்தது என்பது உண்மை.

ஆனால் அந்த நீதியை வழங்கியது யார்? ஒவ்வொரு லீக்கின் விருதுக்கும் வாக்களிப்பவர்கள் 30 செய்தியாளர்கள், அந்த லீக்கில் அணி உள்ள ஊர் ஒவ்வொன்றுக்கும் இருவர் வீதம். அணியோடு ஊர் ஊராகப் பயணித்து, வீரர்களின் உடைமாற்றும் அறையில் அன்றாடம் பேட்டி எடுப்பவர்கள் இவர்கள். தாம் செய்தி எழுதும் மனிதரின் வருமானத்தைத் தாமே தீர்மானிக்கும் நிலைக்கு இவர்களைத் தள்ளுவது பத்திரிகை அறத்துக்குப் பொருந்தாது. செய்தியைப் பதிவு செய்ய வேண்டியவர்கள் செய்தியை உருவாக்கக் கூடாது என்ற கொள்கையால், 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் தன் நிருபர்களை இத்தகைய வாக்கெடுப்புகளிலிருந்து நெடுங்காலமாகவே விலக்கி வைத்தது. வாக்காளர்கள் நேர்மையற்றவர்கள் என்று நாம் சொல்லவில்லை. யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை எழுத்தாளர் சங்கமே வெளியிடுகிறது. குறை வாக்காளர்களிடம் இல்லை, அவர்கள் தலையில் சுமத்தப்பட்ட வேலையில்தான் இருக்கிறது.

விருது வாக்கெடுப்பு கருத்து வேறுபாட்டுக்கு இடம் தருவது. அதுவே அதன் சுவையும்கூட. 1947-இல் அமெரிக்கன் லீக்கில் மூன்று முக்கிய பேட்டிங் பிரிவுகளிலும் முதலிடம் பிடித்த டெட் வில்லியம்ஸ், ஒரே ஒரு புள்ளியில் ஜோ டிமாஜியோவிடம் மதிப்புமிக்க வீரர் விருதை இழந்தார். 2012-இல் அதே மூன்று பிரிவுகளிலும் முதலிடம் பிடித்த மிகேல் கப்ரேராவா, பேட்டிங்கோடு 49 முறை தளம் திருடி, மைய மைதானத்தையும் காத்த 20 வயது மைக் ட்ரவுட்டா என்று நாடே இரண்டுபட்டது. 28 முதலிட வாக்குகளில் 22 கப்ரேராவுக்கு, 6 ட்ரவுட்டுக்கு. இன்றும் முடியாத விவாதம் அது. இன்றைய விதிகள் அன்று இருந்திருந்தால், அந்த வாக்கு வேறுபாட்டால் ட்ரவுட் இழந்திருக்கக்கூடியது 7.5 லட்சம் டாலர். தேநீர்க் கடைப் பேச்சுக்கு உகந்த ஒரு சர்ச்சையைச் சம்பளப் பட்டியலாக மாற்றுவது சரியா?

இடங்களுக்கு நடுவே உள்ள பள்ளமும் நியாயமற்றது. அறிமுக வீரர் வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தவருக்கு முழு ஆண்டு கிடைக்கும்போது, மூன்றாவதாக வந்தவருக்கு ஒரு நாள்கூடச் சேர்வதில்லை. இருவரையுமே அணி ஒரே காரணத்துக்காகத் தாமதமாக அழைத்திருக்கலாம். அநீதி இருவருக்கும் பொது என்றால், பரிகாரமும் பொதுவாக இருக்க வேண்டாமா? விருதுப் பேச்சிலேயே அடிபடாத, ஆனால் அணிக்குத் தோள்கொடுக்கும் சாதாரண இளம் வீரருக்கு இந்தப் பணிக்காலச் சலுகையில் இடமே இல்லை.

அணிகளின் கணக்கும் மறைந்துவிடவில்லை. முன்னணி இளம் வீரரைத் தொடக்கத்திலேயே களமிறக்கி, அவர் விருதும் வென்றால், அணிக்குப் புதிய வீரர் தேர்வில் கூடுதல் வாய்ப்பு ஒன்று பரிசு. ஓரியோல்ஸின் கன்னர் ஹென்டர்சன், அரிசோனா டைமண்ட்பேக்ஸின் கார்பின் கரோல் இருவரும் 2022 ஆகஸ்ட் கடைசியில்தான் மேலே வந்தார்கள். அந்தச் சில வாரங்களில் அறிமுக வீரர் தகுதி கெடவில்லை. 2023-இல் இருவரும் தத்தம் லீக்கில் ஒருமனதாக விருது வென்றார்கள், அணிகளுக்குக் கூடுதல் வாய்ப்பும் கிடைத்தது. இதில் விதிமீறல் எதுவும் இல்லை. ஆனால் நாள்காட்டியைப் பார்த்து வீரரை அழைப்பது லாபம் தரும் வரை, அணிகள் பார்த்துக்கொண்டேதான் இருக்கும்.

விருதுக்கும் ஊதியத்துக்கும் உள்ள இந்த இணைப்பை நீக்கினால் இளம் வீரர்கள் கையிலிருப்பதையும் இழப்பார்களே என்று சிலர் அஞ்சலாம். வெறுமனே நீக்கினால் அந்த அச்சம் நியாயமானது. அதனால் மாற்று ஏற்பாட்டோடுதான் நீக்க வேண்டும். 172 நாட்கள் என்ற வரம்பைக் குறைத்து, பருவத்தின் பெரும்பகுதியை மேஜர் லீக்கில் கழித்த எவருக்கும் முழு ஆண்டைத் தர வேண்டும். நடுவரிடம் போவதற்கான காத்திருப்பைச் சுருக்க வேண்டும். ஊக்கத்தொகை நிதியில் விருதுக்குப் போக மிஞ்சுவது, ஆட்டப் புள்ளிவிவரங்களின் அடிப்படையில் 100 வீரர்களுக்குப் பகிரப்படுகிறது. முழு நிதியையும் அந்த வழியிலேயே பகிர்வது கடினமல்ல. எழுத்தாளர் சங்கமும் தன் பங்குக்கு, தன் வாக்கைச் சம்பளக் கருவியாக்க வேண்டாம் என்று இரு தரப்பிடமும் உறுதியாகச் சொல்ல வேண்டும்.

ஸ்கீன்ஸும் ரட்ச்மேனும் பெற்ற அங்கீகாரத்தை யாரும் குறைத்து மதிப்பிடவில்லை. இளம் திறமையைப் பாராட்ட விருது வேண்டும், வாக்கெடுப்பும் வேண்டும், அதைச் சுற்றிய சர்ச்சையும் வேண்டும். ஆனால் உழைத்த நாளுக்குரிய கணக்கு, வாக்கு கேட்டு வாங்க வேண்டிய பரிசு அல்ல. அது உரிமை. உரிமையை ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய பொறுப்பு அணி உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் உரியது. அதைச் செய்தியாளர்களின் வாக்குச்சீட்டில் தள்ளிவிடுவதை அவர்கள் இந்த ஒப்பந்தத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.